மகாலுக்கு ஒரு வேலை இருந்தது

பத்துத்தூண் சந்தில் ஜவுளி எடுக்காத குடும்பம் மதுரையில் இருக்காது. தீபாவளிக்கு முந்தின வாரம் அதற்குள் போய் முழுசாகத் திரும்பி வந்தவர்களுக்கு மாநகராட்சி ஒரு பதக்கமே கொடுக்கலாம். ஆனால் அந்தப் பத்துத் தூண்களை நின்று அண்ணாந்து பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே பிரம்மாண்டமான கருங்கல் தூண்கள் நிற்கின்றன. மேலே கூரை இல்லை, பக்கத்தில் சுவர் இல்லை. எதையும் தாங்காமல் முந்நூறு வருஷத்துக்கு மேலாக சும்மா நிற்கின்றன.

அவை திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம். நாம் இப்போது டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கிறோமே, அந்த மகாலும் அதே அரண்மனையின் மிச்சம்தான். இரண்டுக்கும் நடுவே நிதானமாக நடந்தால் சில நிமிஷ தூரம். இடையில் இருப்பதெல்லாம் இன்றைக்குத் தெருக்கள், வீடுகள், தறி ஓடிய கூடங்கள், புரோட்டா கடைகள். ஒரே அரண்மனையில் ஒரு துண்டு மட்டும் கூரையோடு தப்பித்தது, இன்னொரு துண்டு தூணாக நிற்கிறது, மற்றதெல்லாம் மண்ணாகப் போனது. ஏன் அப்படி? இந்தக் கேள்வி எனக்கு வெகு நாளாக உண்டு.

நான் சர்வே இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவன். டவுன் சர்வே வரைபடத்தைப் பிரித்து வைத்தால் மற்றவர்களுக்குக் கோடு தெரியும், எங்களுக்குப் பழைய ஊர் தெரியும். மகாலைச் சுற்றியுள்ள தெருப்பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நவபத்கானா தெரு என்று ஒன்று இருக்கிறது. நவபத்கானா என்றால் அரண்மனையில் வேளை தவறாமல் நகரா, நாகஸ்வரம் வாசிக்கிற மேடை. அப்புறம் பந்தடித் தெருக்கள், ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு வரிசையாக. அரண்மனைப் பெண்கள் பந்தாடிய இடம் என்பார்கள். மகால் என்ற சொல்லையே பெயரில் சுமக்கிற தெருக்கள் வேறு. கட்டடம் போன பிறகும் பெயர் மட்டும் ரேஷன் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுற்றிலும் குடியிருக்கும் சௌராஷ்டிர மக்கள், நாயக்கர் அரண்மனைக்குப் பட்டு நெய்யத் தங்கள் முன்னோர் வந்தார்கள் என்று சொல்வார்கள். பட்டு உடுத்த ராஜா போய்விட்டார். நெய்தவர்கள் அதே இடத்தில் இருக்கிறார்கள்.

இப்போது மகாலுக்குள் வருவோம். திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அரண்மனை கட்டப்பட்ட வருஷம் 1636 என்று சொல்வது வழக்கம். சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று இரண்டு பெரும் பகுதிகள். சொர்க்க விலாசத்தில் ராஜா, ரங்க விலாசத்தில் அவருடைய தம்பி முத்தியாலு நாயக்கர். இவை தவிர நாடகசாலை, ஆயுதசாலை, பல்லக்குகள் வைக்கிற இடம், பூஜை அறை, அந்தப்புரம், குளம், தோட்டம். நாம் பார்ப்பது சொர்க்க விலாசமும் நாடகசாலையும் மட்டும். மொத்தத்தில் கால்வாசி என்று சொல்வது வழக்கம். எனக்கு அதுவும் தாராளக் கணக்காகவே படுகிறது.

உள்ளே நுழைந்ததும் பெரிய திறந்த முற்றம். நான்கு புறமும் தூண்கள், தூணுக்குத் தூண் வளைவுகள். எதிரே மேற்கில் சிம்மாசன மண்டபம், அதன் தலைக்கு மேல் குவிமாடம். அந்த இடத்தில் கழுத்து வலிக்கும் வரை மேலே பாருங்கள். உத்தரம் கிடையாது, இரும்பு கிடையாது. செங்கல்லையும் சுண்ணாம்பையும் வளைத்து வளைத்தே அந்த உயரத்தை மூடியிருக்கிறார்கள். வளைவுகளைப் பார்த்தால் பீஜப்பூர் பக்கத்து முஸ்லிம் கட்டடங்கள் ஞாபகம் வரும். அதே வளைவுக்குப் பக்கத்தில் யாளி, பூதகணம் எல்லாம் சுதையில் உட்கார்ந்திருக்கும். இத்தாலிக்காரர் ஒருவர் கட்டினார் என்றும் சொல்கிறார்கள். கைடுகளுக்கு இத்தாலி என்று சொன்னால்தான் திருப்தி. எனக்கென்னவோ அந்த சுதை வேலையைச் செய்த கொத்தனார் நம்ம ஊர்க்காரராகத்தான் தெரிகிறார்.

தூணைத் தொட்டுப் பாருங்கள். தொடக்கூடாது என்பது சட்டம். சட்டத்தை மதித்துத் தொடாமலும் பார்க்கலாம். சிப்பிச் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு என்று சொல்வார்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் சுவரைத் தடவியவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். இங்கே பல தடவை வெள்ளையடித்துப் பழுதுபார்த்ததில் அசல் பூச்சு எது, பிற்காலத்தது எது என்று பிரிப்பது கஷ்டம். ஆள் உயரம் வரைக்கும் காதலர்கள் வேறு பெயர் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

செங்கல்லுக்கு மண் எங்கிருந்து வந்தது என்பதற்கும் கதை உண்டு. வண்டியூரில் மண் எடுத்த பள்ளம்தான் மாரியம்மன் தெப்பக்குளம், அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார். நாயக்கர் பிறந்தது தைப்பூசத்தில் என்பார்கள். தெப்பத் திருவிழா இன்றைக்கும் தைப்பூசத்தில்தான்.

இன்னொரு கதை படுக்கையறைத் திருடன் கதை. ராஜாவின் கட்டில் விதானத்திலிருந்து சங்கிலியில் தொங்குமாம். ஒரு திருடன் கூரையில் ஓட்டை போட்டு, அந்தச் சங்கிலியைப் பிடித்தே இறங்கி நகைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நகையைத் திருப்பிக் கொடுத்தால் பரம்பரைக்கும் மானியம் தருகிறேன் என்று ராஜா தண்டோரா போட்டார். திருடனும் நம்பி வந்து கொடுத்தான். ராஜா சொன்ன சொல் தவறவில்லை, மானியத்தை எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்துவிட்டு அவன் தலையை எடுத்துவிட்டார். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது ராஜாவின் நேர்மை பெரிதாகத் தெரிந்தது. இப்போது, பட்டா கிடைத்த அன்றைக்கே வாரிசு சான்றிதழும் தேவைப்பட்ட அந்தக் குடும்பத்தை நினைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு பெரிய அரண்மனையை இடித்தது எதிரி இல்லை, சொந்தப் பேரன். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் 1659-இல் பட்டத்துக்கு வந்தார். தலைநகரை மறுபடியும் திருச்சிக்கே கொண்டுபோனார். அங்கே அரண்மனை கட்டுவதற்காக இங்கிருந்து மரம், கல், அலங்காரச் சாமான் எல்லாவற்றையும் பெயர்த்து வண்டியில் ஏற்றினார் என்பது வரலாறு. திருச்சியில் இப்போது மியூசியமாக இருக்கும் ராணி மங்கம்மாள் மகால் அந்த அரண்மனையின் தர்பார் மண்டபம். தாத்தா வீட்டை இடித்து நிலைக்கதவைப் புது வீட்டில் வைப்பது நம் ஜனங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பெயர்த்தது போக நின்ற பகுதியும், ராஜா இல்லாத ஊரில், யாருக்கும் உபயோகமில்லாமல் மழையில் நனைந்தது. ஒரு மட்டக்கட்டடத்துக்குக் கூரை ஒழுக ஆரம்பித்து, ஏறிப் பார்க்க ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பது சொந்த ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். முதலில் ஆலங்கன்று முளைக்கும். அப்புறம் சுவர் வெடிக்கும். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு செங்கல் எடுத்துக்கொள்வார்.

ஊருக்கே அந்தக் கதிதான் வந்தது. விஸ்வநாத நாயக்கர் காலத்துக் கோட்டை, எழுபத்திரண்டு பாளையத்துக்கு எழுபத்திரண்டு கொத்தளம் என்று சொல்லப்படுவது, 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டது. இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடத்திலேயே மனை கொடுத்தார்கள். வெளி வீதிகள் நான்கும் அப்படிப் பிறந்தவை. அளந்து கொடுத்த சர்வேயர் மாரட் பெயரில் ஒரு தெரு, வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு தெரு. (ஒரு சர்வேயர் பெயரில் தெரு இருக்கிறது என்பதில் எனக்குள்ள பெருமையை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.) கலெக்டருக்கு நன்றியாக ஊரார் வைத்ததுதான் விளக்குத்தூண். கோட்டையில் மிஞ்சிய ஒரு துண்டைப் பெரியார் பஸ் நிலையத்துக்கு எதிரே பார்க்கலாம். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்.

கோட்டை போன பிறகும் மகால் ஏன் போகவில்லை? இங்கேதான் நேப்பியர் பிரபு வருகிறார். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னர். சென்னையில் அவர் பெயரில் பாலம், திருவனந்தபுரத்தில் மியூசியம். இந்த நாட்டுக் கட்டடக்கலையில் அவருக்கு உண்மையான ஈடுபாடு இருந்தது. மகாலைச் சீர்படுத்தப் பணம் ஒதுக்கினார். வேலையைக் கவனித்தவர் சிஷோம், பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிஷோம்.

ரசனையால் மட்டும் சர்க்கார் கஜானா திறக்காது என்பது சர்க்கார் உத்தியோகம் பார்த்த நமக்கெல்லாம் தெரியும். ஒரு உபயோகம் காட்ட வேண்டும். மகாலுக்குக் கிடைத்த உபயோகம் கோர்ட். ஜில்லா கோர்ட்டும் மற்ற கோர்ட்டுகளும் அதற்குள் உட்கார்ந்தன. அதற்கப்புறம் சுமார் நூறு வருஷம், 1970 வரைக்கும், மதுரை ஜில்லாவின் சொத்துத் தகராறும் கொலைக் கேஸும் திருமலை நாயக்கரின் வீட்டில்தான் தீர்ந்தன. தலைக்கு மேல் ஒழுகினால் ஜட்ஜுக்குக் கோபம் வரும், ஜட்ஜுக்குக் கோபம் வந்தால் பொதுப்பணித்துறை ஏணியோடு வந்து நிற்கும். அப்படித்தான் அந்தக் கூரை தப்பியது என்பது என் எண்ணம். ரங்க விலாசத்துக்கு ஒரு முன்சீப் கோர்ட் கிடைத்திருந்தால் பத்துத்தூண் சந்து இன்றைக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்த கோர்ட்டை நான் பார்த்திருக்கிறேன். 1961, எனக்குப் பத்து வயது. திருமங்கலம் பக்கத்தில் எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக் கிணறு; யாருக்கு எத்தனை நாள் கமலை முறை என்பதில் வழக்கு. ஏழு வருஷம் நடந்தது. வாய்தா அன்றைக்கு அப்பா ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார். மகால் என்று அவர் சொன்னதே இல்லை, "கோர்ட்டுக்குப் போயிட்டு வரேன்" என்பார். அதனால் அது ராஜா வீடு என்பதே எனக்கு அப்போது தெரியாது. இவ்வளவு பெரிய தூண் வைத்தால்தான் ஜனங்கள் பயந்து உண்மையைச் சொல்வார்கள் என்று வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

தூண்களுக்கு நடுவே மரத் தட்டிகள், குமாஸ்தா மேஜைகள், சிவப்பு நாடா கட்டிய கட்டுகள். டவாலி வெளியே வந்து வாதி பிரதிவாதி பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். அந்தக் குவிமாடங்கள் அதை வாங்கி இன்னும் நாலு தடவை கூப்பிடும். அப்பா பெயர் மேலே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது இன்றைக்கும் காதில் இருக்கிறது. கூப்பிட்ட வேகத்திலேயே வாய்தா போட்டுவிட்டார்கள். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை வெளியே மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கொஞ்சம் தள்ளிப் பெரியப்பா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பா என்னிடம் இரண்டு அப்பளத்தைக் கொடுத்து, "பெரியப்பாகிட்ட குடுத்துட்டு வா" என்றார். பெரியப்பா வாங்கிக்கொண்டார்; ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கு அதற்கப்புறமும் மூன்று வருஷம் நடந்தது.

கோர்ட் இருந்ததால் கட்டடத்துக்குச் சேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆணி அடித்தார்கள், தட்டி வைத்தார்கள், மின்சார ஒயரைச் சுதைக்கு மேலேயே இழுத்தார்கள். வெற்றிலைச் சாறு படாத மூலை இருந்திருக்காது. கோர்ட்டுகள் வைகைக்கு வடக்கே போன பிறகு இடம் சுத்தமானது, முழு அகலமும் கண்ணுக்குக் கிடைத்தது. நாடகசாலையில் சிற்பங்களையும் நாயக்கர் காலத்துப் பொருட்களையும் வைத்தார்கள். சாயந்திரம் ஒலி ஒளிக் காட்சி வந்தது. நாயக்கர் அரண்மனையில் உட்கார்ந்து கண்ணகி கதை கேட்பது கொஞ்சம் விநோதம்தான், ஆனாலும் இருட்டில் அந்தத் தூண்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வருவதைப் பார்க்க இன்னொரு தடவை போகலாம். "பம்பாய்" படத்தில் கண்ணாளனே பாட்டு அங்கேதான் எடுத்தார்கள். என் பேத்திக்கு மகால் என்றால் அந்தப் பாட்டு.

ஆனால் இப்போது மகாலுக்கு வேலை இல்லை. பார்க்கப்படுவது ஒன்றுதான் அதற்கு வேலை. புறாக்கள் முழு உரிமையோடு குடியிருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் விருந்தாளி வந்தால் மட்டும் போகிறோம்.

வேலையோடு உயிர் வாழும் கட்டடத்துக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் தமுக்கத்தில் இருக்கிறது. ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோடைக்கால அரண்மனை அது. வெள்ளைக்காரன் காலத்தில் கலெக்டர்கள் குடியிருந்தார்கள். பிறகு காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டது. 1959 ஏப்ரல் 15-இல் நேரு திறந்துவைத்தார். மகாத்மா சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. ராணி, கலெக்டர், காந்தி என்று மூன்று பேருக்கு இடம் கொடுத்தும் அந்த வீட்டுச் சுவர் தளரவில்லை. மேல மாசி வீதியிலும் ஒரு மாடி வீடு. 1921 செப்டம்பர் 22-இல் காந்தி தொப்பியும் சட்டையும் விட்டு முழங்கால் வேட்டிக்கு மாறியது அங்கே தங்கியிருந்தபோதுதான். இன்றைக்குக் கீழே கதர்க் கடை. துண்டு வாங்கப் போகிறவர் சரித்திரத்துக்குள் நுழைந்து பில் போட்டுக்கொண்டு வருகிறார்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கோயிலுக்குக் கிழக்கே புது மண்டபம், திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்குக் கட்டியது, 124 தூண்கள், நாயக்க மன்னர்களின் சிலைகள். நம் காலம் முழுக்க அங்கே தையல்காரர்களும் வளையல் கடைகளும் புத்தகக் கடைகளும்தான். அழகர் வேஷத்துக்கு உடுப்பு தைக்க வேறு எங்கே போனோம்? தையல் மிஷின் எண்ணெய்யும் மூட்டை கட்டிய கயிறும் சிலைகளுக்கு நல்லது செய்யவில்லை, அதுவும் உண்மை. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதில் எனக்கு இரண்டு மனசு. சிலைகளைக் கண்ணால் பார்க்க முடிகிறதே என்று சந்தோஷம். கால் வைத்ததும் நாலு மிஷின் சேர்ந்து கடகடக்கிற சத்தம் இல்லாத புது மண்டபத்தை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அங்கே இனி என்ன நடக்கப்போகிறது என்பதை முடிவு செய்கிறவர்கள் மகாலை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் நல்லது.

சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. மகாலில் தொடங்காதீர்கள். காலையில் கடைகள் திறப்பதற்கு முன்னால் பத்துத்தூண் சந்துக்குப் போங்கள். அந்த நேரத்தில் ஷட்டர் மூடியிருக்கும், தூண்கள் அடி முதல் நுனி வரை தெரியும். போன மாசம் நான் போனபோது ஒரு கடைக்காரத் தம்பி வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "என்னய்யா, அளக்க வந்திருக்கீங்களா?" என்று கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டார். ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆயிற்று என்று சொன்ன பிறகு காபி வாங்கிக் கொடுத்தார். அங்கிருந்து நவபத்கானா தெரு வழியாக மகாலுக்கு நடந்தால், எவ்வளவு பெரிய வீட்டுக்குள் நடக்கிறோம் என்பது காலுக்கே தெரிந்துவிடும்.

நாடகசாலையில் நாயக்கர் காலத்துக் கல்லும் சிலையும் நிறைய இருக்கின்றன. கோர்ட் நடந்த நூறு வருஷத்துக்கு ஒரு குமாஸ்தா மேஜை, ஒரு டவாலி வில்லை கூட என் கண்ணில் படவில்லை. உங்கள் அப்பாவோ மாமாவோ அந்த கோர்ட்டில் வக்கீலாக, டைப்பிஸ்ட்டாக, அமீனாவாக இருந்திருப்பார்கள். தட்டியும் மேஜையுமாக மகாலின் உட்புறம் தெரிகிற போட்டோ ஏதாவது பரண் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒரு நகல் போதும்.